பேச்சு டாக்டரிடம் தூங்கப் போனவள்

மருந்துக்கடை மாடியில் ஓர் அறையைப் பலகையால் இரண்டாகத் தடுத்து, உள்பாதியில் தொழில் நடத்திவந்த பெண் உளவியலாளரைத் தெருவே 'பேச்சு டாக்டர்' என்றது. தான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவரும் ஓய்ந்துவிட்டார். பேச்சு என்ற பாதியாவது உண்மைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். தேற்றுவதுதானே தொழில்.

அந்தப் பாதிக்கும் ஆபத்து வந்தது, இரட்டைக் குழந்தை பெற்ற ஒரு பெண்ணின் உருவில்.

"எப்பப் பாத்தாலும் அழறா, இல்லன்னா சுவரையே பாத்துட்டு உக்காந்திருக்கா" என்று கணவன்தான் கூட்டிவந்தான். உளவியலாளர் கண்ணாடியைச் சரிசெய்து, குரலைத் தேனில் தோய்த்து, "மனசுல என்ன ஓடுதும்மா?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவள் சோபாவில் சாய்ந்துவிட்டாள். குறட்டை.

சுவரில் தொங்கிய பட்டங்கள் இரண்டும் வேடிக்கை பார்த்தன. நம் குரல் அவ்வளவு மோசமா என்பதுதான் உளவியலாளரின் முதல் கவலை. இவள் கடைசியாக எப்போது தூங்கினாளோ என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. அந்த வரிசைக்காக அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். எழுப்ப மனம் வரவில்லை. கடைசியில் எழுப்பிக் கேட்டதற்கெல்லாம் "ம்", "தெரியல" என்று பதில் வந்தது. அடுத்த வாரமும் அதே கச்சேரி.

வீட்டில் தூங்க விடுங்கள் என்று கணவனிடம் சொல்லிப் பார்த்தார்.

"விடறோம் மேடம். குழந்தை சிணுங்கினா இவதான் முதல்ல எழுந்திடறா."

மூன்றாவது வாரம் தோளுக்கு ஒன்றாகக் குழந்தைகளைச் சுமந்து மாடியேறி வந்தவன், மனைவி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினான். "தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள ஒரு சத்தமும் கேக்க மாட்டேங்குது. அங்க போய் பேசாம வர்றதுக்கு வீட்லயே பேசாம இருக்கலாமேன்னு அம்மா சொல்றாங்க. இன்னிக்கும் இப்படின்னா நிறுத்திக்கறோம்."

பலகைக்குள் பஞ்சு அடைத்திருந்ததால் சொல் வெளியே புரியாது. ஆனால் குரல் எழுந்ததா இல்லையா என்பது தெரியும்.

உள்ளே அவள் வழக்கம்போல் தூங்கிப்போயிருந்தாள். எழுப்பினால் இருக்கும் ஒரே தூக்கமும் போச்சு. எழுப்பாவிட்டால் அடுத்த வாரமே இல்லை. வேறு வழி தெரியாமல் உளவியலாளர் தானே பேச ஆரம்பித்தார்.

"உங்க வீட்ல எப்படி?" என்று எதிரே இருந்த காலி நாற்காலியைக் கேட்டார். பிறகு நாற்காலியின் சார்பில் பதிலும் சொன்னார். "அத ஏன் கேக்கறீங்க? என் மாமியாருக்கு நான் என்ன வேலை பாக்கறேன்னே தெரியாது. மருந்துக்கடைல இருக்கான்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்றாங்க. என் பொண்ணோ, 'உன்கிட்ட என்ன சொன்னாலும் தலைய ஆட்டுவ'ங்கறா."

"அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"தலைய ஆட்டினேன்."

சங்கதி சூடுபிடித்துவிட்டது. இத்தனை வருடத்தில் இவ்வளவு ஒத்துழைப்புத் தந்த ஆளை அவர் பார்த்ததில்லை.

"ஊருக்கெல்லாம் ஓய்வெடுங்கன்னு சொல்றேன். எனக்கு ஓய்வு குளியலறைலதான். குழாயத் திறந்து விட்டுட்டு சும்மா நிப்பேன். அங்கயும் கதவத் தட்டி, 'கத்தரிக்கோல் எங்க?'ன்னு..."

"நானும் குழாயத் திறந்து விடுவேன்."

உளவியலாளர் துள்ளிவிட்டார். சோபாவில் அவள் கண் விழித்திருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"அழறது வெளிய கேக்கக் கூடாதுன்னு" என்றாள். "எல்லாரும் குழந்தைங்களக் கொஞ்சறாங்க. எனக்கு ஒண்ணுமே தோணல டாக்டர். யாரோட குழந்தையையோ தூக்கி வச்சிருக்கற மாதிரி இருக்கு. இதெல்லாம் வெளிய சொல்ற விஷயமா?"

இதற்கென்றே அழகான சொற்பொழிவு ஒன்று உளவியலாளரிடம் தயாராக இருந்தது. தொண்டைவரை வந்ததை விழுங்கினார்.

"சொல்ற விஷயம்தாம்மா. பெத்தவங்க பல பேருக்கு வர்றதுதான். சரியாகும். சொல்லுங்க."

சொன்னாள். நேரம் முடிந்ததும் கதவு தட்டப்பட்டது. உளவியலாளர் வாய் திறப்பதற்குள், "பேசிட்டிருக்கேங்க. கொஞ்சம் இருங்க" என்று அவளே குரல் கொடுத்தாள்.

வெளியே குழந்தை ஒன்று வீறிட்டது, மற்றதும் சேர்ந்துகொண்டது. அவள் பாதி எழுந்து, கதவையே பார்த்தபடி நின்றாள். அழுகையையும் மிஞ்சிக்கொண்டு கணவனின் கட்டைக்குரலில் தாலாட்டு மாதிரி ஏதோ ஒன்று கிளம்பியது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயோ, இவருக்கு ராகமே வராது" என்றபடி மறுபடி உட்கார்ந்தாள். "எங்க விட்டேன்?"