பாக்கியசீலனின் நாற்பது விநாடி

பாக்கியசீலன் வேலை நேரத்தில் தூங்குகிறார் என்று முதன்முதலில் சொன்னது மனிதர் யாருமில்லை. வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த, சோப்புப் பெட்டி அளவுள்ள ஒரு கேமரா. முப்பது வருஷமாக அவரோடு பழகும் எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்புத்தான் வந்தது. அந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில்கூடத் தூங்கியது கிடையாது. பாளையங்கோட்டையில் எங்கள் கோவிலில் அப்படிச் சொல்லிக்கொள்ள இன்னொரு ஆள் தேறமாட்டார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவருக்குத் தொழில் ரெக்கவரி வண்டி ஓட்டுவது. நடுவழியில் படுத்துவிட்ட கார், பள்ளத்தில் இறங்கிய லோடு ஆட்டோ, எதுவானாலும் தச்சநல்லூரில் சிவசங்கரன் ஷெட்டுக்குப் போன் வரும். பாக்கியசீலன் போய் ஏற்றிக்கொண்டு வருவார். என் பழைய காரை மட்டும் ஆறு தடவை ஏற்றியிருக்கிறார். நான் அதை ஓட்டிய தூரமும், அதை அவர் வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கும்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கிளம்புமுன் சாவியில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஜெபிப்பார். நாற்பது விநாடி. தனக்காக அல்ல, எங்கேயோ ரோட்டோரத்தில் நிற்கிற அந்த ஆளுக்காக. பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்.

"நமக்கு இது தெனப்பாடு வே," என்பார். "அங்கன நிக்கவனுக்கு அப்படியா? அவனுக்கு இன்னைக்கு நாளே கெட்டுப் போச்சுல்லா?"

ஆறு தடவையும் எனக்காகவும் அப்படி ஜெபித்திருக்கிறார். ஷெட்டில் இருந்தவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். வெயிலில் கார் பக்கத்தில் நின்று கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், எனக்காக ஒரு ஆள் கண்ணை மூடியிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

போன வருஷம் சிவசங்கரன் சென்னையில் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். வழியில் நின்றுபோன வண்டிகளின் அழைப்பையெல்லாம் செயலி வழியாகப் பிரித்துக் கொடுக்கிற கம்பெனி அது. கோவில்பட்டியிலிருந்து நாங்குநேரி வரைக்கும் வருகிற அழைப்பு அத்தனையும் இனி சிவசங்கரனுக்கு. பதிலுக்கு, தட்டு பின்பக்கமாகச் சரிந்து இறங்கும் புது வண்டியை அவர்கள் சொல்லும் இடத்தில்தான் வாங்க வேண்டும். காரை இழுத்து ஏற்றும் வின்ச் அவர்கள் சொல்லும் ஆளிடம், அதற்குரிய கம்பிவடம் இன்னொரு ஆளிடம், கேமராவைக் கம்பெனி முதலாளியின் மைத்துனரிடம். மைத்துனர் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை. அதை எங்கள் ஊர் தானாகவே விசாரித்துத் தெரிந்துகொண்டது.

டிரைவரை மட்டும் சிவசங்கரனே வைத்துக்கொள்ளலாம். அதற்கும் நிபந்தனை இருந்தது. அவர் கம்பெனியின் தேர்வில் தேற வேண்டும். பிறகு தொண்ணூறு நாள் கேமராவின் பார்வையில் ஓட்ட வேண்டும். அந்தத் தொண்ணூறு நாளில் மூன்று தடவை 'தூக்கம்' என்று பதிவானால் இருக்கை காலி, கம்பெனி அனுப்பும் ஆள் வந்து உட்காருவார். பாக்கியசீலனுக்கு ஐம்பத்து நாலு வயது. அந்த வயதில் எந்த ஷெட்டும் புது டிரைவரைச் சேர்க்காது. அவருக்கும் வேறு தொழில் தெரியாது.

கனரக வண்டி ஓட்டலாம் என்று அரசாங்கம் அவருக்கு உரிமம் கொடுத்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. கம்பெனிக்கு அது போதவில்லை. ஒரு தட்டுக் கணினியைக் கையில் கொடுத்து முப்பது கேள்வி கேட்டார்கள். விபத்து நடந்த இடத்துக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள் என்பது ஒரு கேள்வி. படம் எடுப்பேன், ஒளிரும் சட்டை போடுவேன், எச்சரிக்கை முக்கோணம் வைப்பேன், இவை அனைத்தும் என்று நாலு விடை.

"உள்ள ஆளு மாட்டியிருக்கான்னு பாப்பேங்கிற விடைய எங்கன தேடியும் காணல வே," என்று என்னிடம் குறைப்பட்டார். 'இவை அனைத்தும்' என்பதைத் தொட்டுவிட்டுத் தேறிவந்தார். ஓட்டிக் காட்டும் தேர்வில் முழு மதிப்பெண். தேர்வாளர் கைப்பேசியைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லையாம்.

முதல் நாள் முதல் அழைப்பு வந்தது. வழக்கம்போலச் சாவியில் கையை வைத்துக் கண்ணை மூடினார். மூன்றாவது விநாடியில், செய்தி வாசிப்பது போன்ற ஒரு பெண் குரல் பெட்டிக்குள்ளிருந்து அலறியது.

"ஓட்டுநரே, விழித்திருங்கள்! ஓட்டுநரே, விழித்திருங்கள்!"

பாக்கியசீலன் ஜெபத்தை முடித்து, ஆமென் சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். மறுநாளும் பழக்கதோஷத்தில் அப்படியே நடந்தது. கேமரா அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு சிவசங்கரன் ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, கண்ணு மூடி மூணு விநாடி ஆச்சுன்னா தூக்கம்னு எழுதிருதான். நீங்க நாப்பது விநாடி மூடுதீங்க. அவன் கணக்குல நீங்க தூங்கக்கூட இல்ல, மயங்கிக் கெடக்கீங்க."

"ஜெபிக்கேன் முதலாளி."

"எனக்குத் தெரியுது. அந்த மெஷினுக்குத் தெரியலயே. ரெண்டு போச்சு, இன்னும் ஒண்ணுதான். கீழ நின்னு ஜெபிச்சிட்டு ஏறுங்களேன்."

கீழே நின்றும் பார்த்தார். அழைப்பு வந்த இருபது விநாடிக்குள் ஏற்காவிட்டால் அது வேறு வண்டிக்குப் போய்விடும். ஏற்றால்தான் ஆளின் பெயரே தெரியும். ஏற்ற பிறகு ஒரு நிமிஷத்துக்குள் வண்டி நகர வேண்டும். நாற்பது விநாடி ஜெபித்துவிட்டு, வலிக்கிற முழங்காலோடு மேலே ஏறி உட்கார்ந்தபோது 'புறப்பாடு தாமதம்' என்று மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்கள்.

சிவசங்கரன் கம்பெனிக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, பாக்கியசீலனிடம் நீட்டினார். அன்று என் கார் ஆறாவது தடவையாக அங்கே வந்து கிடந்ததால் நானும் இருந்தேன். எதிர்முனையில் பேசிய பெண் தன் பெயர் ஃபெபி என்றாள். விஷயத்தைக் கேட்டதும் அலுவலகத் தமிழை விட்டுவிட்டு ஊர்ப்பேச்சுக்கு வந்துவிட்டாள்.

"அங்கிள், எங்களுக்கும் உங்க பக்கந்தான், நாசரேத்து. நானும் ஜெபிக்கிற பிள்ளதான்."

"அப்ப ஒனக்குச் சொல்ல வேண்டியதில்லயேம்மா."

"அதனாலதான் சொல்லுதேன் அங்கிள். கண்ணு மூடுனதும் திரையில காரணம் கேக்கும்லா? தூசி, தும்மல், வெயில், மற்றவைன்னு நாலு இருக்கும். நீங்க தூசிய அமுக்கிருங்க. தூக்கம்னு ஏறாது. மற்றவைய அமுக்குனா தூக்கம்னுதான் ஏறும். எல்லாரும் அதத்தான் அமுக்குதாங்க."

"ஜெபத்தத் தூசின்னு எழுதச் சொல்லுதியாம்மா?"

"எழுத வேண்டாம் அங்கிள்," என்றாள் ஃபெபி. "அமுக்குனாப் போதும்."

பாக்கியசீலன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் விடவில்லை. ஓய்வுபெற்ற குமாஸ்தாவான எனக்கு எந்தக் கட்டத்தில் எதைப் போட்டால் கோப்பு நகரும் என்று தெரியும்.

"வே, கேக்குதது மெஷினு. மெஷின்கிட்டச் சொன்னா அது பொய்யா?"

"கேக்குதது மெஷினுதான். சொல்லுதது நான்லா வே?"

அப்படிப்பட்ட ஆளுக்கு எதற்கு இந்தக் காலத்தில் வேலை என்று மனதுக்குள் எரிச்சல்பட்டதோடு சரி.

கடைசியில் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கப் பழகினார். முதல் முயற்சியில் உதடு அசைந்துவிட்டது. "ஓட்டுநரே, கைப்பேசியில் பேசாதீர்கள்!" என்றது பெட்டி. அதற்குப் பிறகு வாயையும் மூடிக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை சிவசங்கரன், எல்லாம் நல்லபடியாக முடியட்டும் என்று வண்டிக்குச் சூடம் கொளுத்தி, தட்டை முன்கண்ணாடிக்கு உள்பக்கமாகவும் ஒரு சுற்றுக் காட்டினார். "ஓட்டுநரே, புகைபிடிக்காதீர்கள்!" வாழ்நாளில் பீடியைத் தொட்டறியாத பாக்கியசீலனுக்கு அன்றைக்கு ஐந்து மதிப்பெண் போயிற்று.

வீட்டிலும் பயிற்சி நடந்தது. சுவர்க் கடிகாரத்துக்கு முன்னால் நின்று, விநாடி முள்ளைப் பார்த்தபடியே ஜெபிப்பார். கண் மூடினால் இரண்டு விநாடிக்குள் திறந்துவிட வேண்டும். "இவிய கடியாரத்த மொறைச்சுப் பாத்துக்கிட்டே நிக்காவ, எனக்குப் பயமா இருக்கு," என்று அவர் மனைவி ஜெபகனி என் வீட்டில் வந்து சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. மதிப்பெண்ணும் ஏறியது.

அறுபத்தோராம் நாள் மணிமுத்தாறு அணைக்குப் போகிற வழியில் ஒரு கார் கால்வாய்ப் பக்கமாகச் சரிந்து, ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றது. திரையில் ஸமீஹா என்று பெயர் வந்தது. கண்ணைத் திறந்துகொண்டே அந்தப் பிள்ளைக்காக ஜெபித்துவிட்டுப் போனார். ஸமீஹாவும் அவள் தாயார் அலிமா பீவியும் ரோட்டோரத்தில் நின்றார்கள். வின்ச்சைப் போட்டுக் காரைப் பைய இழுத்துத் தட்டில் ஏற்றிக் கட்டிவிட்டு, இருவரையும் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். நடுவில் உட்கார்ந்த அலிமா பீவி, இரண்டு கையையும் ஏந்திக் கண்ணை மூடினார்.

"ஓட்டுநரே, விழித்திருங்கள்!"

சாவியில் வைத்த கை அப்படியே நின்றது. மூன்றாவது தடவை. பெட்டி எந்தக் கண்ணைப் பார்த்ததோ, திரையில் பாக்கியசீலனிடம்தான் காரணம் கேட்டது.

"அண்ணே, என்னமோ கேக்குது," என்றாள் ஸமீஹா. "தூசின்னு இருக்கு. அமுக்கட்டா?"

"வேண்டாம்மா." 'மற்றவை' என்பதை அவரே தொட்டார்.

அலிமா பீவி பயந்துபோய்க் கண்ணைத் திறந்தார். "என்ன தம்பி இது, துஆ கேக்கும்போது சத்தம் போடுது?"

"அது கெடக்கு. நீங்க பைய முடிங்கம்மா. முடிச்சதும் வண்டிய எடுக்கேன்."

தன் வேலை போய்விட்டது என்று நினைத்த நிமிஷத்தில் அவர் சொன்னது இது. இதை ஸமீஹா பிறகு ஷெட்டுக்கு வந்து சொன்னாள்.

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சிவசங்கரன் எழுதிக் கேட்டதற்கு நாலாம் நாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. படத்தைச் சோதித்ததில் மூடியிருந்தவை பயணியின் கண்கள் என்று தெரிகிறது, பயணி கண்களை மூடுவது விதிமீறல் ஆகாது, பதிவு நீக்கப்படுகிறது. சிவசங்கரன் எல்லோருக்கும் டீ வாங்கினார்.

"பக்கத்துல உக்காந்துருக்கவங்க ஜெபிக்கலாமாம் வே," என்றார் பாக்கியசீலன் என்னிடம். "ஓட்டுதவன்தான் கூடாதாம்." சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

தொண்ணூறாம் நாள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியிருந்தார். தென்மாவட்டத்தில் மிக விழிப்பான ஓட்டுநர் என்று கம்பெனி சான்றிதழ் அனுப்பியது. அதிலிருந்த அவர் படம் அந்தக் கேமராவே எடுத்தது. கண் இரண்டும் அகலத் திறந்திருக்கும். சிவசங்கரன் அதைச் சட்டம் போட்டு ஷெட்டில் மாட்டினார். இருக்கை நிலைத்துவிட்டது. நானும் மனதாரச் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு கோவிலில் ஐயர், அதாவது எங்கள் போதகர், ஜெபத்தை ஆரம்பித்தார். எங்கள் ஐயரின் ஜெபம் நாட்டுத் தலைவர்களில் தொடங்கி, மழைக்கு வந்து, தேர்வு எழுதும் பிள்ளைகள், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் என்று ஒருவரையும் விடாமல் போகும். எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். பாக்கியசீலன் மட்டும் திறந்திருந்தார். அதை நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்கக் கூடாது. அவர் மூடுவதும், உடனே திறப்பதும், மறுபடி மூடுவதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் சரியாக இரண்டு விநாடி.

"மூட முடியல வே," என்றார் வெளியே வந்து. "தானாத் தொறந்துக்கிடுது. உள்ள அந்தப் பொம்பள கத்துதா."

சபை நாலு வாரம் பொறுத்தது. கோவிலில் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். பாக்கியசீலன் விசுவாசம் குறைந்து பின்மாற்றத்தில் போய்விட்டார் என்று பேச்சு பரவியது. காசு பார்த்ததும் ஆண்டவரை மறந்துவிட்டார் என்றும் ஒரு கட்சி சொன்னது. ஜெபகனி அழுதாள்.

ஐந்தாம் ஞாயிறு ஆராதனை முடிந்து ஐயர் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். பாக்கியசீலன் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"என்ன பாக்கியசீலன், ஜெப நேரத்துல கண்ணு தொறந்தே இருக்குதாமே? வீட்டுல எல்லாம் சமாதானந்தான?"

வரிசை நின்றுவிட்டது. பின்னால் நின்ற அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நான் அவருக்கு நேர் பின்னால் இருந்தேன். பெட்டி, சென்னை, தொண்ணூறு நாள், எல்லாவற்றையும் இப்போது கொட்டிவிடுவார் என்று காத்திருந்தேன். சொல்லித் தொலையும் என்று முதுகில் ஒரு தட்டுக்கூடத் தட்டினேன். அவர் ஜெபகனியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல ஐயா," என்றார். "தூசி."

"அப்படியா? நல்லாக் கழுவுங்க," என்று ஐயர் அவர் கையை விட்டுவிட்டு, என் கையைப் பிடித்தார்.