சந்தனம் வைத்த துப்பாக்கியோடு மான் வேட்டை

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். அப்பாவுக்கு அறுபத்தேழு வயதாம், பழைய மாதிரித் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறாராம், மொன்றியலுக்கு வடமேற்கே மான் வேட்டைக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், ஆனால் அது இரண்டு வரியில் அடங்குகிற விஷயமில்லை. எனக்கு நடந்து ஐம்பது வருஷமாகிறது, இன்னும் மறக்கவில்லை. அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

1974 நவம்பர், ஒரு சனிக்கிழமை. அப்போது மொன்றியலை ஒட்டிய ரொக்ஸ்பரோவில் இருந்தோம். நான், என் கணவர், மாமனார், மாமியார். மாமனார் அறுவை சிகிச்சை டாக்டர். வயது அறுபத்தைந்து. சிவகங்கைப் பக்கத்துக்காரர். வருஷம் முழுக்கக் கத்தி பிடிக்கிற கைக்கு நவம்பரில் ஒரு நாள் துப்பாக்கி வேண்டும். அதுவும் தோட்டாவைச் செருகிச் சுடுகிற ரகமல்ல. குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, குச்சியால் இடித்துக் கெட்டிக்கிற ரகம். ஒரு முறை சுட்டால் மறுபடி கெட்டிக்க ஒரு நிமிஷமாவது ஆகும். அதற்குள் மான் அடுத்த ஊருக்கே போய்விடும். அதுதான் நியாயமான போட்டி என்பார் மாமா.

அத்தைக்கு அந்தத் துப்பாக்கியைக் கண்டாலே ஆகாது. அந்த வருஷம் ஒரே பிடியாக நின்றார். மாமா தனியாகப் போகக் கூடாது, ஏடாகூடமாக ஏதாவது நடந்தால் துப்பாக்கியை விற்றுவிட வேண்டும். என் கணவருக்கு அன்று ஷிப்ட். ஆகவே காவலுக்கு நான், சாட்சிக்கும் நான், திரும்பி வந்து தீர்ப்புச் சொல்லவும் நான். மாமா எழுந்ததிலிருந்தே என்னிடம் அளவுக்கு மீறிப் பணிவாக இருந்தார். பாவமாக இருந்தது.

விடியற்காலை நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். இருட்டில் ஓட்டப் பிடிக்கவில்லை என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். லஷூட் தாண்டி ஒரு பண்ணை, வீட்டிலிருந்து நாற்பத்தைந்து மைல். பெட்ரோல் மூன்று டாலருக்குள் முடிந்தது. பண்ணைக்காரர் ‘போன்ஷூர்’ சொல்லி, மாமா கொடுத்த முறுக்கு டப்பாவை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு, மேட்டுப் பக்கம் கை காட்டினார். வருஷா வருஷம் இதுதான் அனுமதிச் சீட்டு போலிருக்கிறது.

வண்டியிலிருந்து அரை மைல் ஏற்றம். இலையெல்லாம் உறைந்து கிடந்ததால் அப்பளத்தை மிதிக்கிற மாதிரி ஒவ்வொரு அடிக்கும் சத்தம். மேலே போய் ஒரு மேப்பிள் மரத்தடியில் நின்றோம். மாமா துப்பாக்கியைப் பார்க்காமலே, தடவித் தடவியே மருந்தை அளந்து, குண்டை இறக்கி, இடித்துக் கெட்டித்தார். எத்தனை வருஷத்துப் பழக்கம் என்று வாய் பிளந்து நின்றேன். கடைசி வேலை, செம்புத் தொப்பி வைப்பது. குதிரை என்கிற சின்னச் சுத்திக்குக் கீழே மூக்கு மாதிரி ஒரு முனை, அதன் நடுவில் ஊசித் துளை. மூக்கின் மேல் தொப்பி. குதிரை தொப்பியை அடிக்கும், பொறி துளை வழியாக மருந்துக்குப் போகும். இவ்வளவுதான் இயந்திரம்.

ஏழேகாலுக்கு மேல் இருக்கும். கீழே மரங்களுக்கு நடுவில் பழுப்பாக ஏதோ அசைந்தது. எனக்கு முன்னால் ஒரு கிளை மறைத்தது. மாமா துப்பாக்கியைத் தூக்கினார், விசையை இழுத்தார். ‘டப்’ என்று தொப்பி வெடித்த சத்தம் மட்டும்தான். குண்டு போகவில்லை. மாமா என்னிடம் ஏதோ கேட்பதற்காக என் பக்கம் திரும்பினார். அவரோடு துப்பாக்கியும் திரும்பியது.

அப்போது வெடித்தது.

புகை. அழுகிய முட்டை நாற்றம். காது இரண்டும் அடைத்துவிட்டன. இடது தொடை முழுக்கச் சூடாக வழிந்தது. ரத்தம், முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். மாமா துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, மண்டியிட்டு, இரண்டு கையாலும் என் காலைத் தடவிக் காயத்தைத் தேடினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். “காப்பி” என்றார். பிறகு அப்படியே இலைமேல் உட்கார்ந்துவிட்டார். குண்டு என் இடுப்பில் தொங்கிய பிளாஸ்கைத் துளைத்துப் போயிருந்தது. நாலு விரல் தள்ளியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஆளில்லை.

மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவளில்லை நான். அன்று பேசினேன். கிளைமேல் இருந்த காக்கைகள் பறந்து போகிற அளவுக்குப் பேசினேன். அவர் மருந்தில் ஈரம் பாய்ந்திருக்கும் என்று முணுமுணுத்தார். நான் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தேன். அந்த மூக்கைச் சுற்றி, துளை வாயிலேயே, சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. இரண்டு வாரம் முன்னால்தான் ஆயுத பூஜை. அத்தை தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, கார் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தவர், வீட்டில் ஆயுதம் என்று சொல்லும்படி இருந்த ஒரே பொருளை விடுவாரா? பொறி அந்தச் சந்தனத்துக்குள் புகுந்து, தங்கி, தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆனால் மாமா துடைத்துவிட்டுத்தான் கொண்டு வந்தார். கறுத்த இரும்பில் மஞ்சள் சந்தனம். எனக்கு இரண்டடி தூரத்திலிருந்தே தெரிந்தது.

“மாமா, இது உங்களுக்குத் தெரியலையா?”

வாங்கிப் பார்த்தார். கிட்டே கொண்டுபோனார், தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். “எங்கேம்மா?” என்றார்.

எதற்காக என் பக்கம் திரும்பினீர்கள் என்று கேட்டேன்.

“அது மானா ஆளான்னு உன்னைக் கேக்கத்தாம்மா திரும்பினேன்.”

விசையை இழுத்த பிறகு கேட்கிறார்! குண்டு பக்கத்தில் போனபோதுகூட நான் அப்படி அதிரவில்லை. தன் நடு விழியில் புகை மாதிரி ஒன்று நிற்கிறது, ஓரத்தில்தான் தெரிகிறது என்று மெதுவாகச் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கு வேறொன்று உறைத்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு இருக்கிறது என்றார், தரையைப் பார்த்தபடி.

திரும்பும்போது பாதி வழியில் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். துப்பாக்கி கிடக்கட்டும் மாமா, திங்கட்கிழமை நீங்கள் போனால் நானும் வந்து அங்கே எல்லார் முன்னாலும் சொல்வேன் என்றேன். இருபத்தெட்டு வயசு மருமகள் பேசுகிற பேச்சா அது? அவர் கோபப்படவில்லை. ‘தெபனர்’ என்கிற தெருமுனைக் கடை ஒன்றின் வாசலில் டெலிபோன் கூண்டு தெரிந்ததும் வண்டியை நிறுத்தினேன். அவர் ஆஸ்பத்திரி நம்பரைச் சொன்னார், நான் சுழற்றிக் கொடுத்தேன். காய்ச்சல் என்பார், ஊருக்குப் போகிறேன் என்பார் என்று நினைத்தேன். பிரெஞ்சில் பேசினார். எனக்கு அப்போது பிரெஞ்சு அரைகுறை. என் கண், என் கண் என்று இரண்டு தடவை சொன்னது மட்டும் புரிந்தது. வெளியே வந்து, இனிமேல் கத்தியைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். காரில் ஏறியதும் அழுதார். நானும்தான்.

அந்த வாசகிக்கும், போக நினைக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ஆரஞ்சுச் சட்டை இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். நிலத்துக்காரரிடம் கேட்காமல் போகாதீர்கள். தொப்பி வெடித்தும் குண்டு போகாவிட்டால், குழலை அதே திசையில் பிடித்தபடி இரண்டு நிமிஷமாவது அசையாமல் நிற்க வேண்டும். பூஜை போட்டால் மரப்பிடியில் பொட்டு வையுங்கள், இரும்புப் பக்கம் போகாதீர்கள். எல்லாவற்றுக்கும் முதலில் அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அதற்கு அப்புறம்தான் காடு.

அத்தை விஷயத்தைச் சொல்லவில்லையே. வீட்டுக்கு வந்ததும் மாமாவே எல்லாவற்றையும் சொன்னார், பிளாஸ்கையும் காட்டினார். அத்தை பதறுவார், மயங்கி விழுவார் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் துளை விழுந்த பிளாஸ்கைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, மாமா குளிக்கப் போனதும் என்னிடம் சொன்னார்.

“சித்திரையிலேருந்தே தெரியும்மா. தட்டுல ஊறுகாயைக் கையால தேடறாரு. தெரிஞ்சுதானே உன்னைக் கூட அனுப்புனேன்.”

ஏன் அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை, இத்தனை மாதமாக மனுஷர்கள் வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டிருந்தாரே என்று கத்திவிட்டேன். அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏமாற்றுகிற பார்வை இல்லை அது. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

“அவரு டாக்டராச்சே. கண்ணு தெரியலன்னா அவருக்குத் தெரியாதா?”