போன்களுக்கு எடுத்த பெரட்டு

இறம்பொடை மலையில் பாறையை உடைத்து நான்கு அறையில் ஒரு விடுதி கட்டினேன். முடியாது என்று ஊரே சொன்னது. மேலே இருக்கிற ஊற்றிலிருந்து குழாய் இழுத்துத் தண்ணீர் கொண்டுவந்தேன். லொறி ஏறாது என்ற சரிவில் பாதை வெட்டினேன். அந்தப் பாதையில் முதலில் ஏறிய லொறியின் எஞ்சினையும் நான்தான் பிரித்துப் பூட்டினேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலி வரிசை வீட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு கராஜுக்குப் போனவன் நான். எதையும் புத்தகம் பார்த்துச் செய்ததில்லை. இந்த வரிசையில் இன்னொன்றும் சேர வேண்டும். எங்கள் விடுதியின் இணையப் பக்கம்.

பக்கத்தைச் செய்தவள் என் மருமகள். கம்பியூட்டர் படித்தவள், கெட்டிக்காரி. ஆனால் யோசனை என்னுடையது.

"ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு போட்டோ. தொட்டா அட்டை மாதிரி திரும்பணும். பின்னால வாடகையும் நம்பரும் இருக்கணும்" என்றேன்.

"செய்யலாம் மாமா. கையில வச்சுத் திருப்புற மாதிரியே செய்யலாம்."

செய்தாள். என் போனில் அட்டையின் ஒரு ஓரம் உள்ளே போகும், மறு ஓரம் நம் பக்கம் பெரிதாகி வரும், அப்படியே திரும்பும். முதல் நாள் வேலை வெட்டியை விட்டுவிட்டுத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

அப்போது ஏப்ரல் சீசனுக்கு ஒரு மாதம் இருந்தது. நுவரெலியாவில் அறை கிடைக்காத சனம் கீழே இறங்கி எங்களிடம் வருவது அந்த ஏப்ரலில்தான். அதில் அறை நிறையாவிட்டால் வருடம் முழுக்கத் திண்டாட்டம். அந்த நேரம் பார்த்து, எங்களுக்கு ஆள் அனுப்புகிற கொழும்புச் சிங்களவர், தமிழிலும் சிங்கள 'நே' போட்டே பேசுகிறவர், கூப்பிட்டார்.

"மொதலாளி, படம் காணோம் நே. எழுத்து மட்டும் இருக்கு, அதுவும் கண்ணாடியில பாக்குற மாதிரி. இத எப்படி நான் மனுசருக்கு அனுப்புறது?"

"ஒங்க போன் பழுது" என்றேன். அவர் கட் பண்ணிவிட்டார். அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். மறுநாள் வேறு இரண்டு பேர் அதையே சொன்னார்கள்.

மருமகள் தன் கம்பியூட்டரில் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது.

"சீசன் வருது மாமா. திருப்புற வேலைய எடுத்துட்டு, படத்துக்குக் கீழயே நம்பரப் போட்டுருவோம். சாதாரணமா இருக்கட்டும்."

"சாதாரணமா இருக்கணும்னா நான் லயத்துலயே இருந்திருப்பேன். எடுக்காத. எந்த போன்ல கெட்டுப்போகுதுன்னு நான் பாத்துச் சொல்றேன்."

தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரிப்பதைப் பெரட்டு என்போம். நான் போன்களுக்குப் பெரட்டு எடுத்தேன். அக்கம்பக்கம், கடைக்காரர், பஸ்காரர் என்று ஒருவரையும் விடாமல் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து, பதினொரு போனைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தேன்.

பஸ் கண்டக்டருக்குச் சிரிப்பு. "என்னா மொதலாளி, போனையெல்லாம் கொழுந்தெடுக்க அனுப்பப் போறீங்களா?"

"ஒன் போனுக்கு அரை நாள் பேருதான், அரைச் சம்பளம். வையி கீழ."

எல்லாவற்றிலும் ஒரே பக்கத்தைத் திறந்தோம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சோக்கால் சரி, பிழை போட்டேன். எட்டு சரி, மூன்று பிழை. அந்த மூன்றும் ஒரே கம்பெனி, மூன்றும் பழசு. கம்பெனி பேரை எழுத மாட்டேன், வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். கண்டக்டரின் போனும் அதில் ஒன்று. கட்டாரிலிருந்து அண்ணன் அனுப்பியதாம்.

"அப்ப அதுல இருக்குற பிரவுசர்தான் மாமா சரியில்ல. வேற எறக்கிப் பாப்போம்" என்றாள் மருமகள். பக்கத்தைத் திறந்து காட்டுகிற செயலிக்குத்தான் பிரவுசர் என்று பேர். என் போனில் நன்றாக ஓடுகிற அதே பிரவுசரைக் கண்டக்டரின் போனில் இறக்கினோம். அதிலும் எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரியே நின்றது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

எனக்கு அந்த இடத்தில்தான் பிடிபட்டது. கராஜில் எத்தனை பஸ்ஸுக்குப் புது பொடி, அதாவது வெளிக்கூடு, கட்டி, புதுப் பேர் எழுதி அனுப்பியிருப்போம்!

"பொடிய மாத்துனா எஞ்சின் மாறுமா? வெளிய பேருதான் வேற. உள்ள ஓடுறது ஒரே எஞ்சின். அந்த எஞ்சினுக்கு ஒன்னோட ஏதோ ஒரு வரி வெளங்கல."

என்னைப் பார்த்தாள், பிறகு தேடிப் படித்தாள். "ஆமா மாமா! இந்த போன்ல எந்த பிரவுசரப் போட்டாலும் உள்ள இவங்க எஞ்சின்தான்."

திரும்பி நிற்கிற பக்கத்தை மறைத்து வை என்று அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். பழைய எஞ்சினுக்கு அந்த வரியின் தலையில் தன் கம்பெனிக்கான அடைமொழியை ஒட்டி எழுதினால்தான் விளங்குமாம். விளங்காததால் பின்பக்கத்தை மறைக்காமல், படத்துக்கு மேலேயே காட்டியிருக்கிறது. பின்னாலிருந்து பார்க்கிற எழுத்து வேறு எப்படித் தெரியும்? அடைமொழியோடு அதே வரியை இன்னொரு முறை எழுதினாள். பதினொன்றிலும் படம் வந்தது. பதினொன்றும் திரும்பின.

கொழும்புக்காரரை நானே கூப்பிட்டேன். "ஒங்க போன்ல பழுதில்லங்க, எங்க பக்கத்துலதான். இப்ப பாருங்க."

பக்கத்தைத் திறந்து ஒரு அட்டையைத் தொட்டிருப்பார். பிறகு, "ஆ, திரும்புது நே! வருசப் பொறப்புக்கு நாலு ரூமும் வையுங்க" என்றார்.

பக்கத்தின் அடியில் 'வடிவமைப்பு' என்று போட்டு மருமகளின் பேர் இருக்கிறது. நியாயம்தான். ஆனால் என் மகன் ஊரில் காண்கிறவர்களிடமெல்லாம், "அப்பா அன்னைக்குத் தேத்தண்ணி மட்டுந்தான் ஊத்துனாரு" என்று சொல்லிச் சிரிக்கிறான். அட்டையை எடுக்காதே என்று பிடிவாதமாக நின்றவன் நான். நல்லதையும் கெட்டதையும் பிரித்தவன் நான். எஞ்சின் என்று சொன்னவனும் நான். அவள் பேருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'பிழை கண்டுபிடித்தவர்' என்று என் பேர் வர வேண்டும். இந்தச் சீசனின் முதல் விருந்தாளி வந்து இறங்குவதற்கு முன்னால் வர வேண்டும்.