கோடு விழட்டும் என்று காத்திருந்தவன்

கஜேந்திரன் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது நான் எங்கள் ஊர் பாலசமுத்திரத்தில் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது. மறு கன்னத்தில் சோப்பு நுரை. சலூன்காரர்தான் போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். சித்தூரிலிருந்து அவன் மனைவி ராஜேஸ்வரி பேசினாள். "மாமா, காத்தால காபி குடிச்சிக்கினு இருந்தாரு. டம்ளரைக் கீழ வெச்சாரு. அவ்ளோதான்" என்றாள். மீதிக் கன்னத்தில் கத்தி வைக்க சலூன்காரருக்கும் மனம் வரவில்லை. நுரையைக் கையால் வழித்துவிட்டு அப்படியே பஸ் ஏறினேன். சித்தூர் கோர்ட்டில் அவனோடு வேலை பார்த்த நீங்களெல்லாம் அன்று என் முகத்தைப் பார்த்து, கிழவனுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பீர்கள். ஆனது இதுதான்.

அவன் என் அக்கா மகன். மாமன், மருமகன் என்றாலும் எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகமில்லை. ஒரே கிணற்றில் நீந்தியவர்கள். அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன் நான். அந்தக் கிணற்றின் அடிமண்ணை அள்ளிக்கொண்டு மேலே வந்த ஆள் எங்கள் பக்கத்தில் என்னைத் தவிர யாருமில்லை. சந்தேகமிருந்தால் ஊரில் கேட்டுப் பாருங்கள். படிப்பில் மட்டும் அவன் என்னை முந்தினான். நான் மூன்றாம் பாரத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் வாத்தியார்களிடம் எனக்குச் சொல்லித்தரச் சரக்கு இல்லை. அவன் எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராஜ்யம் பிரிந்ததே தவிர, எல்லைக் கோடு முடிவாகவில்லை. எங்கள் ஊர் ஆந்திராவில் நிற்குமா, மெட்ராஸுக்குப் போகுமா என்று யாருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில் திருப்பதியைத் தாண்டி மலையடியில் ஒரு சின்னக் கல்லூரி இருந்தது. இன்று அது இல்லை. மொத்தக் கல்லூரியையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம், அவ்வளவு சின்னது. சரித்திரம், தத்துவம், கணிதம், காவியம் எல்லாமே எல்லோருக்கும் உண்டு. ஆனால் பாடம் நடத்துவது என்ற பேச்சே கிடையாது. ஆசிரியரும் பிள்ளைகளும் வட்டமாக உட்காருவார்கள். படித்துவிட்டு வந்ததை வைத்து ஆசிரியர் ஒரு கேள்வி கேட்பார். பிறகு அவர் வாயைத் திறக்கமாட்டார், பிள்ளைகள்தான் பேசிப் பேசித் தேற வேண்டும். மலைப்பாதை தொடங்கும் அலிபிரியில் எனக்குச் சிநேகமான ஒரு சமையல்காரர் மூலம் இந்தச் சங்கதி தெரிந்து, கஜேந்திரன் காதில் போட்டவன் நான். அன்றிலிருந்து அவன் வேறு எதையும் பேசவில்லை.

சேருகிறவர்கள் முன்னதாக ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்கள். நான்தான் அழைத்துப் போனேன். முதல்வர் கதர் ஜிப்பா போட்ட மெலிந்த மனிதர், தெலுங்குக்காரர். என்னையும் வட்டத்தில் உட்காரச் சொன்னார். மூன்றாம் பாரம் படித்துவிட்டுக் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்தவன் இந்தியாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் நெற்றியைப் பார்த்ததும் ஏதோ பெரிய பண்டிதர் வந்திருக்கிறார் என்று அவர் நினைத்ததை அவர் கண்ணிலேயே படித்தேன்.

அன்றைய கேள்வி மலையேறுவதைப் பற்றியது. நடந்தே மலைக்கு வருகிறேன் என்று ஒருவன் வேண்டிக்கொள்கிறான். அவனுக்குப் பதிலாக இன்னொருவன் ஏறினால் அந்த வேண்டுதல் தீருமா? தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டே போனார்கள். கஜேந்திரன் கையைப் பிசைந்துகொண்டு இருந்தான். திடீரென்று தமிழும் தெலுங்கும் கலந்து ஆரம்பித்தான்: "தீராது சார். மூச்சு யாருக்கு வாங்குதோ அவன்தான் மலை ஏறினவன்."

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் எதிரே இருந்த ஒரு பையன், அவனும் இவன் வயதுதான், உடனே கேட்டான்: "அப்படீன்னா கால் இல்லாதவன் என்ன பண்ணுவான்? அவனுக்குச் சாமியே கிடையாதா?"

வட்டம் முழுக்க கஜேந்திரனைப் பார்த்தது. அவன் எதிரே இருந்தவனைப் பார்த்து, "நான் சொன்னது தப்பு. மறுபடியும் யோசிக்கணும்" என்றான். முதல்வர் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும்போது அவமானத்தில் இருப்பான் என்று நினைத்து, அந்தப் பையனை நான் என்ன செய்வேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவன் என் தொடையில் அடித்துச் சிரித்தான்.

"மாமா, இன்னாமா மடக்கிட்டான் பாத்தியா! நம்ம ஊர்ல எவனாவது என்னை இப்படி மடக்கியிருக்கானா? ஒண்ணு, சரிதாம்பான். இல்ல, போடாம்பான்."

அன்று போல அவன் முகம் மலர்ந்து நான் பார்த்தது குறைவு.

வீட்டில் அவன் நைனா, அதாவது என் அக்கா புருஷர், விஷயத்தைக் கேட்டார். பெரிய விவசாயி, நல்லவர், எதையும் அவசரப்பட்டுச் செய்யாதவர். ஊர் மெட்ராஸோடு சேர வேண்டும் என்ற கூட்டத்துக்கும் போவார், ஆந்திராவிலேயே இருக்க வேண்டும் என்ற கூட்டத்துக்கும் போவார். இரண்டிலும் முன்வரிசையில் உட்காருவார்.

"இன்னாடா மச்சான் இது, பேசிக்கினே இருந்தா படிப்பா?" என்று என்னைக் கேட்டார். "வாரா வாரம் சந்தைல பேசறாங்களே, அவங்கள்லாம் பி.ஏ.வா?"

"அங்க பேசறது வேற நைனா," என்றான் கஜேந்திரன்.

"இருக்கட்டும்டா. நான் வாணாம்னு சொல்லல. ஊரு எந்தப் பக்கம்னு தெரியட்டும். நாளைக்கு மெட்ராஸ்காரன் இந்தப் படிப்பு இங்க செல்லாதுன்னுட்டா இன்னா பண்ணுவே? கோடு விழட்டும்."

கோடு விழட்டும். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் எந்தப் பேச்சும் முடிந்தது அப்படித்தான். கல்யாணம் பேசப் போனால், கோடு விழட்டும். கிணறு ஆழப்படுத்தலாமா, கோடு விழட்டும். பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் போடுவதா, தெலுங்குப் பள்ளியிலா, கோடு விழட்டும். வேறெந்தச் சீமையிலும் ஜனங்கள் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டார்கள்.

அவன் நினைத்திருந்தால் மீறிப் போயிருக்கலாம். அக்கா நகையைக் கழற்றித் தரத் தயாராக இருந்தாள். நானும் தோளில் தூக்கிக்கொண்டு போகத் தயார். அப்போது எனக்கு அந்தத் தெம்பு இருந்தது. அவன்தான் மறுத்தான். அவன் சொன்ன காரணம் வேறு.

"வட்டத்துல உக்காந்து பேசணும்னா எல்லாரும் சமமா இருக்கணும் மாமா. பாதில கோடு விழுந்து நம்ம ஊரு அந்தப் பக்கம் போச்சுன்னா, நான் அவங்களுக்கு வெளியாளு. அப்புறம் நான் இன்னா சொன்னாலும், அவன் அப்படித்தான் சொல்லுவான், அந்தப் பக்கத்து ஆளுன்னு ஆயிடும். எந்தப் பக்கம்னு தெரிஞ்சிக்கினு அப்புறம் போறேன்."

அதில் நியாயம் இருந்தது. இன்று வரை அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நானே பதில் தெரியாமல் நின்ற இடங்கள் குறைவு.

அடுத்த வருஷம் நான் மலைக்குப் போனபோது முதல்வரைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார். என்னை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. "அந்தப் பையன் ஏன் வரவில்லை? அவனுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன்" என்றார். வந்து சொன்னேன். கஜேந்திரன் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அப்போதும் கோடு விழவில்லை. அதற்குள் சித்தூர் கோர்ட்டில் தற்காலிகமாக ஒரு குமாஸ்தா வேலை வந்தது. சும்மா இருப்பதற்கு அது மேல் என்று போனான். பிறகு கல்யாணம். ராஜேஸ்வரி வந்தாள்.

கடைசியில் ஒருவழியாக எல்லை முடிவாயிற்று. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கமெல்லாம் மெட்ராஸுக்குப் போயிற்று. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். எங்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்தக் கல்லூரியும் நாங்களும் ஆரம்பத்திலிருந்தே ஒரே பக்கத்தில்தான் இருந்திருக்கிறோம். செய்தி வந்த அன்று அவன் நைனா ஊர் முழுக்க வெல்லம் கொடுத்தார். கஜேந்திரன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "இதுக்குத்தானா மாமா?" என்று என்னைக் கேட்டான்.

அதற்குப் பிறகு அவன் வாழ்க்கை உங்களுக்குத் தெரியும். தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றும் சுத்தமாக வந்ததால் சாட்சிகள் சொல்வதை மொழிபெயர்க்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது. நகரித் தறிக்காரர் தமிழில் சொல்வதைத் தமிழ் தெரியாத நீதிபதிக்குச் சொல்வான். நீதிபதி கேட்பதைத் தறிக்காரருக்குச் சொல்வான். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. ரிட்டையர் ஆகும்வரை அப்படியே அடுத்தவர் பேச்சைத்தான் பேசினான்.

ஒரே ஒரு நாள் தவறினான். நான் அன்று கோர்ட்டில் இருந்தேன். வாய்க்கால் தகராறு ஒன்றில் ஒரு கிழவர் சாட்சி சொன்னார். கஜேந்திரன் அதை அப்படியே தெலுங்கில் சொல்லி முடித்தான். முடித்துவிட்டு, "ஆனால்" என்றான்.

நீதிபதி நிமிர்ந்தார். "ஆனால் என்பது சாட்சி சொன்னதா?"

"இல்லை."

"பிறகு யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை, மன்னிக்கணும்" என்று கைகூப்பினான். அந்த "ஆனால்" ஐதராபாத் ஐகோர்ட்டு வரை பேசப்பட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பேசப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதற்குப் பின்னால் அவனுக்குள் என்ன இருந்தது என்று எவ்வளவோ கேட்டேன். "அதெல்லாம் விடு மாமா" என்பான்.

ஆறு மாதம் முன்பு அவனும் நானும் திருப்பதிக்குப் புறப்பட்டோம். சித்தூர் பஸ் நிலையத்தில் ஒரே கூட்டம். ஒரு வாலிபர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு ஒரு சீட்டைப் பிடித்துவிட்டு, படியில் நெருக்கி ஏறி வருவதற்குள் ஒரு பழக்காரம்மா அங்கே உட்கார்ந்துவிட்டாள். "துண்டு போட்டிருக்கேன், எழுந்திரும்மா" என்றார் அவர். "துண்டு டிக்கெட் வாங்கிச்சா?" என்றாள் அவள். பக்கத்து சீட்டிலிருந்து கஜேந்திரன் திரும்பினான்.

"ஏம்ப்பா, துண்டு போட்டா இடம் உன்னுதா ஆயிடுமா?"

"ஊரு வழக்கம் சார் அது."

"சரி. அப்போ துண்டே இல்லாதவன் நின்னுக்கினே போவணுமா?"

பழக்காரம்மா, "அப்படிக் கேளு சாமி" என்றாள். உடனே அவள் பக்கம் திரும்பி, "நீ சிரிக்காதம்மா. முந்தி வந்தவங்களுக்கு மதிப்பே இல்லன்னா நாளைக்கு உன் கடை இடத்துல வேறொருத்தி வந்து கூடையை எறக்குவா" என்றான். பின்சீட்டுக்காரர் தெலுங்கில் நுழைந்தார். கண்டக்டர் நுழைந்தார். இவன் தெலுங்குக்குத் தெலுங்கு, தமிழுக்குத் தமிழ், ஒரு தடவை துண்டுக்காரர் பக்கம், ஒரு தடவை பழக்காரம்மா பக்கம், "இருங்க, நான் சொன்னதுல ஓட்டை இருக்குது" என்று தன் பேச்சையே பிய்த்து, மறுபடி கட்டி, வழி நெடுக விடவில்லை. கிணற்றடியில் கத்திய குரல் அவனுக்கு இன்னும் இருந்திருக்கிறது. அத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தான் என்று தெரியவில்லை.

திருப்பதி வந்து, துண்டுக்காரரைத் தவிர எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பழக்காரம்மாவும் கூடையோடு போய்விட்டாள். சீட்டு காலியாக இருந்தது. துண்டுக்காரர் உட்காராமல் கம்பியைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கண்டக்டர், "பெத்தாயனா, பெரியவரே, வண்டி டிப்போவுக்குப் போவுது, எறங்குங்க" என்றார். கஜேந்திரன் கையைக் காட்டி அவரை நிறுத்தினான்.

"ஒரு நிமிஷம் இருப்பா. நான் இன்னும் முடிக்கல."

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் குரல்தான். அதை நான் துளியும் கூட்டிச் சொல்லவில்லை.