அவளைக் குளிப்பாட்டிய நாட்கள்

என் மனைவிக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் என்று முடிவானதும், ஆஸ்பத்திரியில் சிஸ்டர் ஒருவர் எங்களை உட்கார வைத்து ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார். உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து. ஆபரேஷனுக்கு முந்தைய ஐந்து நாளும் சோப்புக்குப் பதில் இதைத்தான் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்றார். என் மனைவியின் முகம் சுருங்கிவிட்டது.

"நான் தினம் ரெண்டு வேளை குளிக்கிறவ சிஸ்டர்," என்றாள்.

பெரிய மார்க்கெட்டில் முப்பது வருஷமாகப் பூ விற்கிறவள் அவள். விடிவதற்குள் குளித்து, முகத்துக்கு மஞ்சள் பூசி, துவைத்த சேலை கட்டிக்கொண்டுதான் கடையில் உட்காருவாள். சாமிக்குப் போகிற பூவைத் தொடுகிற கை என்பது அவள் கணக்கு. அவளைப் பார்த்து மருந்து போட்டுக் குளி என்றால் கோபம் வராதா?

சிஸ்டர் அதைப் புரிந்துகொண்டார். எவ்வளவு சுத்தமானவர் தோலிலும் கிருமி இருக்கும், வெளியே இருக்கிறவரை அதனால் ஒன்றுமில்லை, ஆபரேஷன் சமயத்தில் உள்ளே போய்ப் புது மூட்டில் ஒட்டிக்கொண்டால் மாத்திரைக்கும் ஊசிக்கும் லேசில் அசையாது, சிலருக்கு வைத்த மூட்டையே திரும்ப எடுக்க வேண்டி வரும் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு, வீட்டில் உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். முட்டி மடங்காமல், குனிந்து பாதத்தைத் தொட முடியாத நிலையில் அவள் தனியாகக் குளிக்க வழியில்லை.

"நான் இருக்கேன்," என்றேன்.

மகள் சென்னையில் வேலையில் இருந்தாள். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால்தான் லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். வேறு யாரும் இல்லை. இருந்தாலும் ஒரு ஆம்பளை வாயிலிருந்து அந்தப் பதில் வரும் என்று சிஸ்டர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பாட்டிலோடு தந்த தாளை என் பக்கம் திருப்பி, வரி வரியாகப் படித்துக் காட்டினார். சந்தேகம் வந்தால் கூப்பிடச் சொல்லி அவருடைய போன் நம்பரையும் அதிலேயே எழுதிக் கொடுத்தார்.

உப்பளம் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக் குளியலறை இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். முதல் நாள் அதில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அவளை உட்கார வைத்தேன். உள்பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் நான் அவள் முதுகைத் தேய்த்துவிட்டதே இல்லை. அவளுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம்.

தாளில் இருந்தபடியே செய்தேன். முதலில் வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு மருந்தைத் துணியில் எடுத்துக் கழுத்திலிருந்து கீழே தேய்க்க வேண்டும். முகத்தில் படக்கூடாது. தேய்த்த பிறகு இரண்டு நிமிஷம் அப்படியே விட்டுவிட்டுத்தான் கழுவ வேண்டும். மில்லில் வெளுப்புப் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தவன் நான். மருந்தில் ஊற வேண்டிய நேரம் ஊறாத துணியை மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் இரண்டு நிமிஷம் என்றால் என்னைப் பொறுத்தவரை இரண்டு நிமிஷம்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்திருந்தேன். அவள் குளிரில் நடுங்கிக்கொண்டே, போதும் ஊத்துங்க என்று முணுமுணுத்தாள். விநாடி முள் இரண்டு சுற்று சுற்றும்வரை நான் சொம்பைத் தொடவில்லை.

குளித்த பிறகு எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது, மஞ்சள் கூடாது. தினம் துவைத்த துண்டு, துவைத்த துணி, துவைத்த படுக்கை விரிப்பு. முழங்காலில் இருக்கிற முடியை வீட்டில் மழிக்கக்கூடாது என்றும் போட்டிருந்தது. உதவியாக இருக்கும் என்று நான் வாங்கி வைத்திருந்த பிளேடைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை, பாதத்துக்கு வந்தேன். முதல் இரண்டு நாளும் பாதத்தில் கை வைத்ததும் போதும் போதும் என்று காலை இழுத்துக்கொண்டாள். கூச்சம் என்று நினைத்து நானும் மேலோட்டமாகத் தேய்த்துவிட்டேன். நகை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்று தாளில் இருந்தது. வளையலையும் மூக்குத்தியையும் தானே கழற்றிக் கொடுத்தவள், மெட்டியை மட்டும் ஆபரேஷன் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அன்று நான் விடவில்லை. மெட்டி இருந்தால் அதற்கு அடியில் மருந்து போகாது என்று சொல்லி, மருந்து வழவழப்பிலேயே மெதுவாகச் சுழற்றி உருவினேன். விரலைப் பிரித்துப் பார்த்தால் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறிப்போய், நடுவில் வெடித்துச் சிவந்திருந்தது. சேற்றுப்புண். பூவுக்குத் தெளிக்கிற தண்ணீரில் நாள் முழுக்கக் கால் நனைகிறதல்லவா.

அவள் தலை குனிந்துகொண்டாள். அவளுக்கு முன்பே தெரியும்.

"சொன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுவாங்க," என்றாள். "பொண்ணு லீவு சொல்லிட்டா. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. ரெண்டு நாள்ல ஆறிடும்."

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆறு மாதமாக இரவில் புரண்டு படுக்கக்கூட முடியாமல் வலித்த கால். மகள் கெஞ்சி வாங்கிய பதினைந்து நாள் லீவு. மனைவிக்கு உடம்பைத் துடைத்து, சேலை கட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, வாசலில் போய் நின்றேன். புண் சின்னதுதான், அதுவும் விரல் இடுக்கில், முழங்கால் எங்கே, விரல் எங்கே என்று மனசு சொல்லிப் பார்த்தது. ஆனால் வைத்த மூட்டையே திரும்ப எடுக்க வேண்டி வரும் என்று சிஸ்டர் சொன்னது காதிலேயே நின்றது. போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன்.

மறுநாளே டாக்டர் பார்த்தார். அந்தக் காலிலேயே ஒரு வெடிப்பு திறந்திருக்கும்போது மூட்டு வைக்க முடியாது, ஆறட்டும், மூன்று வாரம் கழித்துப் பார்ப்போம் என்றார். தடவ ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். ஆட்டோவில் திரும்பி வரும்போது என் மனைவி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மகள் வந்து சேர்ந்ததும் அவளும் வருத்தப்பட்டாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கலாமே அப்பா என்றாள். பொறுக்கக் கூடாது என்றுதான் சிஸ்டரிடம் சொன்னேன் என்றேன். இரண்டு நாள் இருந்துவிட்டு, மிச்ச லீவைக் காப்பாற்றிக்கொள்ள அவள் சென்னைக்குப் பஸ் ஏறினாள்.

அந்த மூன்று வாரமும் என் மனைவியை மார்க்கெட் ஈரத்தில் கால் வைக்க நான் விடவில்லை. காலையில் நானே போய் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் வீட்டில் கட்டிக் கொடுத்த சரத்தை முழம் போட்டு விற்றேன். என் கை அவள் கையைவிட நீளம் என்பதால் வாங்குகிறவர்களுக்குச் சந்தோஷம். செய்தி அவளுக்கு எட்டியதும் எட்டு நாள் கழித்து முதல் முறையாகச் சிரித்தாள். முழங்கையிலிருந்து அளக்காமல் கொஞ்சம் தள்ளி அளக்கச் சொல்லிக் கொடுத்தாள். சாயங்காலம் வந்து அவள் பாதத்தைக் கழுவி, விரல் விரலாகத் துடைத்து, களிம்பு தடவுவேன். காலை இழுத்துக்கொள்வதை விட்டுவிட்டாள். புண் காய்ந்து, தோல் மூடி, பிறகு இருந்த இடமே தெரியவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டுத் தேதி கொடுத்தார். புது பாட்டில் வாங்கி வந்தோம். இந்த முறை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளவில்லை அவள். நான் முதுகைத் தேய்த்தால், இடது தோள்பட்டை விட்டுப்போச்சு என்றாள். அக்குள், முழங்காலின் பின்பக்கம், விரல் இடுக்கு என்று எதையும் மறக்கவிடவில்லை. ஒருநாள் நான் அவசரத்தில் சொம்பை எடுத்தபோது, "ரெண்டு நிமிஷம் ஆவல, வையுங்க," என்றாள். ஐந்து நாளும் ஒரு நாள் தவறவில்லை. ஆபரேஷன் அன்று விடியலிலும் குளிப்பாட்டி, துவைத்துக் காய வைத்த சேலையைக் கட்டிவிட்டு அழைத்துப் போனேன். மகள் மிச்சமிருந்த லீவில் வந்து கூட நின்றாள்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்கப் போனோம். டாக்டர் கட்டைப் பிரித்து, முழங்காலைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை, சிவப்பு இல்லை, சூடு இல்லை. நீளக் கோடாக ஒரு தழும்பு மட்டும். ஆபரேஷன் தியேட்டரில் எத்தனையோ பேர் எவ்வளவோ பார்த்துச் செய்த வேலை அது, என் சொம்பும் துணியும் அதில் ஒரு பங்கு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தக் காய்ந்த தழும்பைப் பார்த்தபோது என் நெஞ்சு நிமிர்ந்தது. மில்லில் சலுகை காட்டாத மேஸ்திரி ஒருமுறை என் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு குறையும் சொல்லாமல் போனாரே, அப்போதுகூட இப்படி நிமிரவில்லை.

தையல் பிரித்த வேறொரு சிஸ்டர், மருந்துக் குளியலுக்கு உதவியது யார் என்று என் மனைவியைக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருதான்," என்றாள். அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "பொம்பளைங்ககூட இவ்ளோ பொறுமையா செய்ய மாட்டாங்க சிஸ்டர். புண்ண ஒளிச்சது நானு. எம்மேல தப்பு. அவரு விடல."

தன் தப்பைத் தானே எடுத்து நாலு பேர் முன்னால் வைப்பது லேசான காரியமில்லை. என்னைப் பற்றிச் சொன்னதைவிட அவள் அதைச் சொன்னதில்தான் எனக்குப் பெருமை அதிகம்.

வெளியே தாழ்வாரத்தில் என் வயதுக்காரர் ஒருவர் கையில் ரோஸ் பாட்டிலோடு, தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் பெஞ்சில் அவர் மனைவி. சிஸ்டர் எட்டிப் பார்த்து, இந்த ஐயாவைக் கேளுங்க என்று என்னைக் காட்டினார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளை நேராக்கி, முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினேன். என் மனைவி வாக்கரை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். உட்காரும்போது முனகவில்லை. "கூச்சப்படாதீங்கக்கா," என்று அந்த அம்மாளிடம் அவள் சொல்வது எனக்குக் கேட்டது.