மெகருன்னிசா எடுத்த படங்கள்

நேற்று மகளின் பள்ளிக்கூட வேலைக்காகத் துணிப் பெயிண்ட் டப்பா ஒன்றைத் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே மெகருன்னிசா நினைவில் வந்துவிட்டாள்.

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்த ஒருவர், புது வீட்டு ஹால் சுவருக்கு மலைக்கோயிலைத் துணியில் கேட்டார். பதினாறு அடி நீளம். வானத்தையும் பாறைகளையும் நான் வரைவேன். படிகளையும் படியேறும் சனங்களையும் மெகரு நூலால் தைப்பாள். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் என் வீட்டுக்கு வருவாள்; வாசலிலேயே 'அக்கா' என்பாள். நான் வரைந்த ஆடு நாய் மாதிரி இருந்தபோது, இரண்டு கொம்பு தைத்து என் மானத்தைக் காப்பாற்றியவள் அவள்தான்.

அவள் மேல் போய் எனக்குச் சந்தேகம் வந்தது. துணியைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். நான் கிட்டே போனால் போனைக் கவிழ்த்துவிடுவாள். முதல் நாள் தைத்த படிகள் மறுநாள் பிரிந்து கிடந்தன. வேலையை வேண்டுமென்றே இழுக்கிறாளோ? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"போட்டோவக் காட்டித் தனியா ஆர்டர் புடிக்கப் போறா, பாத்துக்க," என்றார்.

அதன்பிறகு அவள் இருமினால்கூட எனக்கு ஓர் அர்த்தம் தெரிந்தது. அவள் டீ வாங்கப் போன நேரத்தில் பையைக்கூடத் துழாவினேன். நூல்கண்டுகளும் ஒரு கண் சொட்டு மருந்தும் இருந்தன. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு மத்தியானம், வேலையைப் பார்க்க வந்த ரிக் வண்டிக்காரர் எதிரிலேயே கேட்டுவிட்டேன்.

"ஏ மெகரு, அந்தப் போட்டோவெல்லாம் யாருக்கு அனுப்பற?"

அவள் போனை என் கையில் கொடுத்தாள். எல்லாமே தையலின் படங்கள். ஒன்றை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள்.

"கண்ணு சரியாத் தெரியலக்கா. தச்சது நேரா இருக்குதான்னு இதுலதான் பாக்கறேன். கோணலா இருந்தா பிரிச்சுடுவேன். சொன்னா வேற ஆளு தேடுவீங்களோன்னு பயம்."

ரிக் வண்டிக்காரர் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏனுங்க, மிச்சத்துக்கு வேற ஆளப் பாத்துக்கலாமுங்களா?"

"அவளே முடிப்பாளுங்க," என்றேன்.

கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். அவள் ஊசியை வாங்கித் தைத்தாள். துணியைச் சுவரில் மாட்டியபின் என்னுடன் வேறு எந்த வேலைக்கும் அவள் வரவில்லை.

இப்போது கண் ஆபரேஷன் முடிந்து சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் இருக்கிறாள். போனால் சிரித்த முகத்தோடு நாற்காலி இழுத்துப் போடுவாள்.

"வாங்க மேடம், என்ன பாக்கறீங்க?" என்பாள்.

நான் ஏதோ ஒரு துணியை எடுத்து, அதன் நிறத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன்.