லிங்கப்பன் போன் பார்க்கும் விதம்

கடைக்குள் எரியும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் லிங்கப்பன் எந்த போனையும் பார்க்க மாட்டார். கையில் வாங்கியதும் நேராக வாசற்படிக்கு வந்துவிடுவார். பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சாமானைத் தூக்கிக்கொண்டு ஒருவர் தெருவைப் பார்த்து நடந்தால் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பின்னாலேயே ஓடி வருவார்கள். அவர் கண்டுகொள்வதே இல்லை. சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஷேடு கார்டை எடுப்பார். பெயின்ட் கடையில் தருவார்களே, கட்டம் கட்டமாக நிறங்கள் போட்ட அட்டை, அதுதான். படியில் அதை விரித்துப் புது போனில் ஒரு படம் எடுப்பார். பிறகு ஒரு கையில் அட்டை, ஒரு கையில் போன் என்று பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக ஒப்பிடுவார். கடைசியாகத் தன் முன்கையைப் படம் எடுத்து, அதையும் கையோடு வைத்துப் பார்ப்பார். "ட்யூப்லைட்டு எல்லாத்தையும் நல்லதாத்தான் காட்டுமுங்க. வெயில்ல வந்து நிக்கட்டும்" என்பார்.

ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மைசூரில் பெயின்ட் அடிக்கத் தொடங்கி இருபத்தாறு வருடம் ஆகிறது. பட்டி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, பிரைமருக்கு மேல் இரண்டு கோட் ஓட்டுவது எல்லாம் எந்தப் பெயின்டரும் செய்கிற வேலை. லிங்கப்பனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அவருடைய கண். ஒருமுறை மைசூர் ஹெப்பாள் பகுதியில் ஒரு வீட்டு ஹாலில் மூன்று சுவர் முடிந்து, நாலாவது சுவருக்குப் புது டப்பா திறந்தார்கள். வீட்டுக்காரர்கள் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இவருக்கு மட்டும் உறுத்தியது. அரை ஷேடு வெளுப்பாம்! மறுநாள் கூலி வாங்காமல் அந்தச் சுவரைத் திரும்ப அடித்தார். கூட வேலை செய்த பழனி தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்காரருக்கே தெரியாதது உனக்கு என்ன வந்தது என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியுதே" என்றாராம்.

இந்தக் கண்ணுக்காகத்தான் தெருவில் யார் போன் வாங்கப் போனாலும் லிங்கப்பனைத் துணைக்கு அழைக்கிறார்கள். போனைப் பற்றி அவருக்குப் பெரிய படிப்பு ஒன்றும் கிடையாது. கேட்க வேண்டியதைக் கேட்பார், அவ்வளவுதான். வீட்டில் யார் கையில் அதிகம் இருக்கப் போகிறது? காலையில் சார்ஜ் ஏற்றினால் ராத்திரி வரை நிற்குமா? அடுப்படியில் குக்கர் சத்தத்துக்கு நடுவே பேச்சு கேட்குமா? சொந்தக்காரர்கள் தினமும் அனுப்பும் காலை வணக்கப் படங்களுக்கே பாதி இடம் போய்விடும், மீதி எவ்வளவு? ரிப்பேர் என்றால் மைசூரிலேயே பார்ப்பார்களா, பெங்களூருக்கு அனுப்புவார்களா? கேமரா எண்ணிக்கையைக் காட்டி விற்பவர்களிடம் அவருக்கு இளக்காரம். "முதுகுல மூணு கண்ணு இருக்கும். பாக்கறது ஒண்ணு, மிச்சம் ரெண்டும் பொட்டு வெச்ச மாதிரி" என்பார். அரை மணி நேரத்தில் அவரவர் வீட்டுக்குத் தோதாக ஒன்றைத் தேர்ந்து கொடுத்துவிடுவார்.

ஆனால் அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. எந்த போனைக் கையில் எடுத்தாலும் அவருடைய ஆள்காட்டி விரல் பின்பக்கம் போய்க் கேமராக் கண்ணை மூடிக்கொள்ளும். படம் எடுக்கிற நேரம் மட்டும் விலகும். மகள் மோகனப்ரியா பக்கத்தில் வந்துவிட்டால் திரும்பவும் மூடிக்கொள்ளும். லென்ஸில் விரல் ரேகையாக இருக்கிறது என்று மனைவி பசம்மா சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து அலுத்துப் போனாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மோகனப்ரியாவுக்குக் கொள்ளேகாலிலிருந்து ஒரு வரன் வந்தது. போட்டோ கேட்டார்கள். வாசலில் மகளை நிற்க வைத்து லிங்கப்பன்தான் எடுத்தார், வீட்டு போனில்தான் அனுப்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் போனைத் திறந்து, காபித் தட்டோடு நின்ற பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள். "போட்டோல இருக்கறது இந்தப் பொண்ணுங்களா?" என்று கேட்டாள். லிங்கப்பன் அவசரமாக, போன் அப்படி எடுத்துவிட்டது என்றார். அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு தகவல் வரவில்லை. பாழாய்ப் போன போன், கறுத்த பிள்ளையை வெளுப்பாகக் காட்டிக் கெடுத்துவிட்டது என்று பசம்மா தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள். போன் பார்க்க லிங்கப்பன் ஷேடு கார்டோடு கிளம்பியது அதற்குப் பிறகுதான்.

அன்றைக்குப் பிறகு மோகனப்ரியாவின் படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. ஹெப்பாளில் ஒரு கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் தைத்த துணியைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. கேமரா உள்ள போனை உள்ளே விட மாட்டார்கள் என்று சொல்லி ஒரு பட்டன் போனை வாங்கி வைத்துக்கொண்டாள். கல்யாண வீடுகளில் எல்லோரையும் நிற்க வைத்து அவளே படம் எடுப்பாள். எடுக்கிறவள் எப்படிப் படத்தில் இருக்க முடியும்? யாரும் கவனிக்கவில்லை. லிங்கப்பன் கவனித்தார். கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

இந்த வருடம் வீட்டு போன் உயிரை விட்டது. திரையில் பச்சைக் கோடு, பேட்டரி வீங்கி முதுகு பிளந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் வாங்க ஓ.டி.பி. நம்பர் வர வேண்டும், பெயின்ட் வேலைக்கு வாடிக்கையாளர் படம் அனுப்ப வேண்டும், எல்லாம் நின்று போனது. ஊருக்கெல்லாம் அரை மணியில் போன் தேர்ந்தவர், தன் வீட்டுக்கு ஒரு மாதமாகத் தேடினார். நாலு கடை ஏறி இறங்கினார். ஒன்றில் நீலம் தூக்கலாம், ஒன்றில் மஞ்சள் செத்துவிட்டதாம். கடைசியில் பசம்மா பொறுமையிழந்து, லீவு நாளில் மகளையும் கூட அனுப்பி வைத்தாள்.

தேவராஜ மொஹல்லாவில் அந்தச் சின்னக் கடையில் சௌம்யா என்ற கன்னடப் பெண் நின்றாள். துறுதுறுப்பான பிள்ளை. ஒரு போனை எடுத்து மோகனப்ரியாவுக்கு நேராகப் பிடித்து, இதில் முகம் எவ்வளவு பளிச்சென்று வரும் பாருங்கள் அக்கா என்றாள். மோகனப்ரியா சட்டென்று தலையைத் திருப்பி, தொங்கிக் கிடந்த சார்ஜர் வயர்களைப் பார்க்கத் தொடங்கினாள். லிங்கப்பன், "பேடம்மா, அது பேடா" என்று கன்னடத்தில் தடுத்து, முகத்தை வெளுக்கிற சமாச்சாரத்தை முதலில் அணைக்கச் சொன்னார். அவள் விரலால் ஓர் இழுப்பு இழுத்துச் சுழியத்தில் வைத்துக் கொடுத்தாள். அவர் போனோடு வாசற்படிக்குப் போனார். மகளும் பின்னால் வந்தாள்.

அட்டையை விரித்தார், படம் எடுத்தார், ஒப்பிட்டார். நீலம் நீலமாக இருந்தது, மஞ்சள் மஞ்சளாக இருந்தது. முன்கையை எடுத்தார். வெயிலில் காய்ந்த அந்தக் கை அப்படியே திரையில் இருந்தது. உள்ளிருந்து சௌம்யா, என்ன அங்கிள், ஏதாவது குறையா என்று கேட்டாள். லிங்கப்பன் எதைச் சொல்வார்? இந்த போனில் குறை இல்லை. பழைய போனைக் குற்றம் சொன்னதும் பொய் என்று அவருக்குத் தெரியும். ஒரு மாதமாக அவர் தேடியது போனை அல்ல, வாங்காமல் இருக்க ஒரு சாக்கைத்தான். அட்டையை மடித்துப் பையில் வைத்தார். போன் கையில் இருந்தது. விரல் தானாகப் போய்க் கேமராவை மூடிக்கொண்டது.

"கண்ணு" என்றார். "அன்னிக்குப் போனு மேல பழியப் போட்டேன். எடுத்தவுடனே பார்த்தேன். ரெண்டு ஷேடு வெளுத்திருந்துச்சு. தெரிஞ்சேதான் அனுப்புனேன்."

மோகனப்ரியா தெருவைப் பார்த்தபடி நின்றாள். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

"தெரியுங்கப்பா" என்றாள். "அரை ஷேடுக்குச் செவுத்தையே திரும்ப அடிச்சவரு நீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

லிங்கப்பன் மகளைத் திரும்பிப் பார்த்தார். தெரிந்துகொண்டேவா இந்தப் பிள்ளை இரண்டு வருடம் தனக்குச் சோறு போட்டது?

"அந்தம்மா கேட்டதுகூட மறந்து போச்சுங்கப்பா. என்ற நெறம் உங்களுக்கே பத்தலையோன்னுதான்..."

"பயந்துட்டேன் கண்ணு. வந்த வரன் தட்டிப் போயிருமோன்னு பயந்துட்டேன். உன்ற நெறத்துல எனக்கு என்ன குறை? நான் பண்ணுனது தப்பு."

அவருடைய கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் சுண்ணாம்பிலும் தின்னரிலும் கலங்காத கண். போனை மார்புக்கு நேரே உயர்த்திப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

மோகனப்ரியா ஒரு படி கீழே இறங்கி வெயிலில் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டி, நகக்கண்ணில் பெயின்ட் காய்ந்திருந்த அப்பாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, கேமராக் கண்ணிலிருந்து விலக்கிவிட்டாள்.